பெண்கள் சார்பில் பதிலுரை

மதியம் இரண்டு மணிக்குள் ஃபெர்கஸ் டெனன்ட் மூன்று சட்டை மாற்றிவிட்டார். வெள்ளைச் சட்டையில் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். கட்டம் போட்டதில் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். மூன்றாவது நீலம். அது அவருக்கே பிடித்துப்போனது, பிடித்ததாலேயே சந்தேகம் வந்து அதையும் கழற்றிப்போட்டார். விருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு. வருகிறவள் ஒரே ஒருத்தி. அவள் சட்டையைப் பார்க்க வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"இன்னும் எத்தனை சட்டை பாக்கி இருக்குன்னு சொல்லிடு. இஸ்திரிப் பெட்டியை அணைக்காம வச்சிருக்கேன்" என்று சமையலறையிலிருந்து எல்ஸ்பெத் குரல் கொடுத்தாள். நாற்பத்தைந்து வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள். அவர் பதில் சொல்லவில்லை. ஃபெர்கஸ் டெனன்ட் பதில் சொல்லவில்லை என்றால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

அன்று ஜனவரி இருபத்தைந்து, கவிஞரின் பிறந்தநாள். எங்கள் டன்லாரியில் மாதா கோயிலுக்கு வருஷக் கணக்கில் போகாதவன் உண்டு, ஓட்டுப் போடாதவன் உண்டு, சொந்தக் கல்யாண நாளை மறந்து அடி வாங்கியவன்கூட உண்டு. இந்த நாளை மறந்தவன் கிடையாது. குளிரும் சேறும் இருட்டுமாக மனுஷனை வாட்டுகிற மாதத்தில், எங்களைப் போலவே ஏர் பிடித்துக் கஷ்டப்பட்டவர் ஒருவர் பிறந்து, எங்கள் வாய்மொழியிலேயே பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக ஒரு ராத்திரி நல்ல சாப்பாடும் விஸ்கியும் பேச்சுமாக இருப்போம். பேச்சுதான் முக்கியம். அந்தப் பேச்சுக்குத்தான் இந்த ஜில்லாவில் ஃபெர்கஸ் பெயர் போனவர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஃபெர்கஸ் வாயை மட்டுமே வைத்துப் பிழைத்தவர். அப்பா சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். வீட்டுக்கு வந்தால் வாய் கொப்பளிக்க, சாப்பிட, குறட்டை விட என்று மூன்றுக்கு மட்டும் வாய் திறக்கிற ஆள். மகன் அதற்கு நேர்மாறாக வளர்ந்து மாட்டு ஏலக்காரர் ஆனார். நாற்பத்தோரு வருஷம், செவ்வாய்க்கிழமைதோறும், வட்ட மேடைக்கு மேலே நின்று சுத்தியலும் கையுமாக மாடு விற்றார். நொண்டிக் காளையைக்கூட அவர் விவரித்தால் வாங்கத் தோன்றும். எல்ஸ்பெத்தை அவர் பெண் கேட்டதும் அந்த மேடையிலிருந்துதான். நாற்பது விவசாயிகளுக்கு நடுவே "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிவிட்டு அவளைப் பார்த்தார். அப்பாவோடு கிடேரி விற்க வந்திருந்த அவள், "சரி, மானத்தை வாங்காதே, சுத்தியலை அடி" என்றாள். இந்தக் கதையை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம். மேடையும் கூட்டமும் இல்லாமல் தனியாக ஒரு பெண்ணிடம் உள்ளதைச் சொல்ல அவருக்கு வராது என்பது அதில் இருக்கிற இன்னொரு சேதி. அதை யாரும் கவனிப்பதில்லை.

மூன்று நாளைக்கு முன் டெலிபோன் அடித்தது. எடுத்தவர் ஃபெர்கஸ்தான். மறுமுனையில் மருமகள் ஷோனா, மகன் நீலின் மனைவி. ஆறு வருஷமாக அவர் காதில் விழாத குரல். நலம் விசாரிக்கவில்லை.

"இருபத்தஞ்சாம் தேதி இப்பவும் ஏழு மணிதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றார்.

"நான் வர்றேன். நீல் கடல்ல இருக்கான், எண்ணெய்க் கிணத்துல வேலை. நான் மட்டும் வர்றேன். என் பதிலுரை பாக்கி இருக்கு. நான் முடிக்கிற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றார். சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தவர், அதன் பக்கத்திலேயே கால் மணி நேரம் நின்றார். அதிலிருந்து மூன்று நாளாக உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை இது. டன்லாரிக் கழகத்தில் கவிஞர் விருந்து என்றால் ஆண்கள் மட்டும்தான். நூற்றுப் பத்து வருஷமாக அப்படி. பெண்களை வாழ்த்தி ஓர் ஆண் பேசுவான், கிண்டலும் கேலியுமாக. அதற்குப் பதில் சொல்லப் பெண் ஒருத்தியும் மண்டபத்தில் இருக்க மாட்டாள். எல்லோரும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகு எங்களுக்கு ரோஷம் வந்து கதவைத் திறந்தோம். முதல் வருஷம் வாழ்த்துரை ஃபெர்கஸ், பதிலுரை அவருடைய மருமகள் ஷோனா என்று முடிவாயிற்று. மாமனாரும் மருமகளும் மேடையில் மோதிக்கொள்வதைப் பார்க்க நூற்று இருபது பேர் திரண்டார்கள். அவளுக்கும் வாய் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. அவரைச் சமமாக நின்று கலாய்க்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான் என்று ஃபெர்கஸே பெருமையாகச் சொல்லித் திரிவார்.

அன்று பேசிக்கொண்டு போனவர் நாலாவது நிமிஷத்தில் மருமகளிடம் வந்தார். "இவளுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம். நல்ல மேய்ச்சல், நல்ல தொழுவம். இன்னும் ஒரு கன்னுக்கு வழியக் காணோம். வேற யாராவது ஓட்டிட்டு வந்திருந்தா நானே அடுத்த செவ்வாக்கிழமை ஏலத்துல ஏத்தியிருப்பேன்."

மண்டபம் கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரித்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், இதைச் சொல்கிற வாயும் சிரித்தது. ஷோனா எழுந்தாள். பதிலுரைக்குத்தான் அவசரப்படுகிறாள் என்று சிலர் கை தட்டினார்கள். அவள் மேஜைகளுக்கு நடுவே நடந்து, கோட்டைக்கூட எடுக்காமல், மழைக்குள் போய்விட்டாள். நீல் பின்னாலேயே ஓடினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீல் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். பதினோரு வாரக் கரு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கலைந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. விருந்துக்குப் போக வேண்டாம் என்று அவன் கெஞ்சியும், வாக்குக் கொடுத்தாயிற்று என்று அவள் வந்திருக்கிறாள். "அப்பாகிட்ட முன்னாடியே அவ கேட்டுக்கிட்டாம்மா. இன்னிக்கு என்னை விட்டுடுங்கன்னு சொல்லியிருக்கா" என்றான். எல்ஸ்பெத் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். ஷோனா சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டாள்.

"பேக்பைப் ஊதுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் ஃபெர்கஸ்.

எல்ஸ்பெத் அதை அப்படியே மகனிடம் சொன்னாள். பிறகு ஊரிலும் சொன்னாள், கடையில், மாதா கோயிலில், ஜாடைமாடையாகக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். பைப்காரன் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தான், அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தால் அவர் அப்படிப் பேசுகிற மனுஷனா என்று. ஊரும் ஒத்துக்கொண்டது. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது, சிரித்தவர்கள் ஆயிற்றே.

கேட்டது. அதுதான் விஷயம். பைப்காரன் அப்போது மண்டபத்தின் மறுகோடியில் இருந்தான். ஷோனா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, "ஃபெர்கஸ், இன்னிக்கு என்னைப் பத்தி எதுவும் வேண்டாம், தயவுபண்ணி" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததையும் பார்த்தார். சூப்பைத் தொடாமல் வைத்திருந்ததையும் பார்த்தார். முதல் பேச்சு, பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் உட்கார்ந்து செதுக்கிய வேடிக்கைப் பேச்சு அது. விட மனசு வரவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது எங்கள் ஏலக்காரருக்குத் தெரியாததல்ல. சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர்.

அந்த வருஷமே கழகத்திலிருந்து விலகினார். அப்புறம் ஒவ்வொரு ஜனவரியும் சமையலறை மேஜையில், இரண்டே தட்டு. எல்ஸ்பெத் ஜெபம் சொல்வாள், அவர் கவிஞரை நினைத்து நாலு வார்த்தை சொல்வார், சாப்பிடுவார்கள். பெண்களுக்கான வாழ்த்தை மட்டும் அவர் தொடவே இல்லை. இதற்கிடையில் நீலுக்கும் ஷோனாவுக்கும் ஒரு பெண் பிறந்தாள். மிரன் என்று பெயர், நாலு வயசு. எல்ஸ்பெத் வருஷத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து அவர்கள் இருக்கிற ஸ்டர்லிங் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஃபெர்கஸ் பேத்தியைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டுவரை போய் எல்ஸ்பெத்தை ஏற்றிவிடுவார், சாயங்காலம் மறுபடி போய் நிற்பார், அவள் இறங்கியதும் பையைப் பிடுங்கிக்கொண்டு போட்டோ இருக்கிறதா என்று தேடுவார்.

இன்றைக்கு ஷோனா வருகிறாள். வாயை அடக்கி உட்கார்ந்து, முடிவில் 'தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடு' என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அடுத்த கோடையில் மிரன் இந்த வீட்டுத் தோட்டத்தில் ஓடக்கூடும். எல்ஸ்பெத் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அந்தப் பாட்டைக் கேட்கக் கேட்க ஃபெர்கஸுக்கு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. இறைச்சிக்கடைக்குப் போய் விருந்தின் முக்கியப் பண்டமான ஹாகிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அது நேற்றே வாங்கி அலமாரியில் இருந்தது. இப்போது வீட்டில் இரண்டு.

"மூணு பேருக்கு ரெண்டு ஹாகிஸா? பட்டாளத்தையா கூப்பிட்டிருக்கே?" என்றாள் எல்ஸ்பெத்.

மூன்று மணிக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். மேடைப் பேச்சுக்கு எழுதுகிற அதே மாதிரி ஆறு அட்டை. நேற்று ராத்திரி எழுதியது. நன்றாகத்தான் வந்திருந்தது. முதல் அட்டையில் 'தெரியாமல்' என்று ஓர் இடத்தில் இருந்தது. இரண்டாவதில் இரண்டு இடத்தில். பேனாவை எடுத்து அந்த வார்த்தையை மட்டும் அடித்துப் பார்த்தார். அதை அடித்தால் வாக்கியமே நிற்கவில்லை. ஆறு அட்டையும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். எல்ஸ்பெத் பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் உனக்குப் புத்தி வந்தது, பிரசங்கம் வேண்டாம், ரெண்டு வார்த்தை போதும் என்றாள். எந்த ரெண்டு வார்த்தை என்று அவர் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கைத் தோல் உரித்தார், பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனார். டர்னிப் கிழங்கை நறுக்கினார், பாதியில் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஹாகிஸ் பானையில் மெதுவாக வேக வேண்டும், தண்ணீர் கொதிக்கவே கூடாது. ஆட்டின் ஈரலும் இதயமும் ஓட்ஸும் மிளகும் அடைத்த பை அது, பொறுமை இல்லாதவன் கைக்கு அடங்காது. அவர் தீயைக் கூட்டுவார், எல்ஸ்பெத் குறைப்பாள். அவள் திரும்பினால் மறுபடி கூட்டுவார். ஏன் என்று கேட்டால், வேக வேண்டாமா என்பார்.

ஆறே முக்காலுக்கு வாசலில் கார் விளக்கு தெரிந்தது. விளக்கு அணைந்தது. கதவு திறக்கவில்லை. ஃபெர்கஸ் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். மழையில் காருக்குள் ஓர் உருவம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. குடையை எடுத்தார். எல்ஸ்பெத் குடையைப் பிடுங்கி வைத்தாள். அவளாக வரட்டும், நீ போய் நின்றால் வண்டியைத் திருப்பிவிடுவாள் என்றாள். எட்டு நிமிஷம். ஃபெர்கஸ் சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டிகளை இடம் மாற்றினார், திரும்பவும் பழைய இடத்தில் வைத்தார். திரும்பிப் போய்விட்டால் நல்லது என்று ஒரு மனசு சொன்னது. அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. பத்தாவது நிமிஷம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஷோனா மெலிந்திருந்தாள், காதோரம் நரை. வெறுங்கையோடு வராத பழக்கத்துக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்திருந்தாள். எல்ஸ்பெத்தைக் கட்டிக்கொண்டாள். ஃபெர்கஸுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். அவரும் அசைத்தார். வாயைத் திறந்தவர் டெலிபோனில் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இப்ப பேசலாம். நான் எழுந்து நிக்கிறப்பதான் பேசக் கூடாது" என்றாள்.

பேசலாம் என்றதும் பேச ஒன்றும் இல்லை. சாலை எப்படி இருந்தது என்று கேட்டார். ஈரமாக இருந்தது என்றாள். சூப்பு முடிந்தது. எல்ஸ்பெத் ஹாகிஸை எடுக்கப் போனாள். உள்ளேயிருந்து அவளுடைய குரல் வரவில்லை, ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. ஃபெர்கஸ் போய்ப் பார்த்தார். தீயைக் கூட்டிக் கூட்டி அவர் செய்த வேலையில் பை வெடித்து, பானை முழுக்க அரிசிக்கஞ்சி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. இன்னொரு ஹாகிஸ் இருக்கிறது, ஆனால் அது வேக மூன்று மணி நேரம் ஆகும்.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் இப்படித்தானே" என்று சொல்லி எல்ஸ்பெத் வடிகட்டி ஒரு கிண்ணத்தில் அள்ளினாள்.

வழக்கப்படி ஹாகிஸை மேஜையில் வைத்து, அதைப் பார்த்து வீர வணக்கம் பாடி, உச்சக்கட்டத்தில் கத்தியை ஓங்கி ஒரே கீறலில் பிளக்க வேண்டும். கிண்ணத்தில் பிளக்க என்ன இருக்கிறது? ஃபெர்கஸ் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"சொல்லுங்க ஃபெர்கஸ். செத்தாலும் மரியாதை மரியாதைதான்" என்றாள் ஷோனா.

கத்தியை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். நாற்பது வருஷமாக மண்டபத்தை அதிரவைத்த வரிகளைக் கிண்ணத்தைப் பார்த்து, சின்னக் குரலில், ஒன்று விடாமல் சொன்னார். பிளக்கிற இடம் வந்ததும் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினார். ஷோனாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். எல்ஸ்பெத் அதைப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் கணவனுடைய முழங்காலைத் தட்டினாள். எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். அந்தத் தட்டு அவருக்குச் சூடு போட்ட மாதிரி இருந்தது.

சாப்பிட்டார்கள். கவிஞரை நினைத்து மூன்று பேரும் எழுந்து விஸ்கி குடித்தார்கள். பிறகு எல்ஸ்பெத்தும் ஃபெர்கஸும் உட்கார்ந்தார்கள். ஷோனா உட்காரவில்லை.

"வாழ்த்துரையை ஊரே கேட்டாச்சு, திரும்பச் சொல்ல வேண்டாம். நேரா பதிலுரை" என்று சொல்லி, கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். "இது அன்னிக்கு எழுதினது. புதுசா ஒரு எழுத்துகூடச் சேர்க்கல."

படித்தாள். நன்றாக இருந்தது. நூற்றுப் பத்து வருஷம் பாத்திரம் கழுவியவர்கள் சார்பில் அவள் கழகத்தை ஒரு பிடி பிடித்திருந்தாள். தானே தனக்குக் கை தட்டிக்கொள்ளும் ஆண் ஜாதியைப் பற்றி ஒரு பத்தி. மாமனாரைப் பற்றி இரண்டு பத்தி. வீட்டில் உப்புக் கேட்டால்கூட மூன்று பேர் போட்டி போடுகிற மாதிரிதான் கேட்பார் என்றும், ஒரு மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடுவார், பெண்டாட்டியின் பிறந்தநாளை மட்டும் சொல்ல மாட்டார் என்றும். எல்லாமே பிரியம் வைத்தவள் செய்கிற கேலி. ஃபெர்கஸுக்கு ஓர் இடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல பேச்சு அந்த மண்டபத்தில் யாரும் பேசியதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடையதும் சேர்த்துத்தான்.

கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினாள். "இது அடிச்ச பகுதி. அடிச்சதையும் படிக்கிறேன்" என்றாள். குரல் மாறவில்லை.

"'கடைசியா என் மாமனாருக்கு ஒரு சேதி. வர்ற ஆகஸ்ட்லேர்ந்து டெனன்ட் குடும்பத்துல உங்களை விடச் சத்தமா கத்துற ஆள் ஒண்ணு வரப்போகுது. நாற்பது வருஷமா நீங்க கூவினீங்க, ஊர் கேட்டுது. இனிமே நீங்க உக்காந்து கேக்கணும். எல்லாரும் எழுந்து நில்லுங்க, தாத்தாவுக்காகக் கோப்பையைத் தூக்குங்க.'"

தாளை மடித்தாள்.

"திங்கக்கிழமை எழுதினேன். செவ்வாக்கிழமை அடிச்சேன். மீதியை மட்டும் படிச்சு உங்களைச் சிரிக்க வைக்கலாம்னுதான் சனிக்கிழமை வந்தேன்."

எல்ஸ்பெத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கரு கலைந்தது அவளுக்குத் தெரியும். இது தெரியாது.

"பதிலுரை முடிஞ்சுது" என்றாள் ஷோனா. நின்றபடியேதான் இருந்தாள். "ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

எல்ஸ்பெத் கையை எடுத்துவிட்டு அவசரமாகக் குறுக்கே வந்தாள். பைப்காரன் பக்கத்தில் நின்றான், அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேனே என்றாள். ஷோனா அவளைப் பார்க்கவில்லை. ஃபெர்கஸைத்தான் பார்த்தாள்.

இல்லை என்று சொன்னால் போதும். ஒரே சொல். ஆறு வருஷமாகச் சொல்லிப் பழகியது, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எல்ஸ்பெத் கட்டி வைத்த வீடு முழுக்க அந்தச் சொல்லின் மேல்தான் நின்றது. தோட்டத்தில் ஓடப் போகிற பேத்தியும் அதில் சேர்த்தி. அவர் எழுந்து நின்றார். நின்று பேசித்தான் அவருக்குப் பழக்கம். நின்ற பிறகு அது தப்பு என்று தோன்றி மறுபடி உட்கார்ந்தார்.

"விழுந்துச்சு" என்றார். "நல்லாவே விழுந்துச்சு. உன் முகத்தையும் பார்த்தேன். ஜோக் நல்லா வந்திருந்துச்சு, விட மனசு வரல."

அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது. மழை ஜன்னலில் அடித்தது. ஷோனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீல் சொன்னான், கேட்டிருக்காதுன்னு. நீங்க எல்லாரும் சொன்னீங்க. ஒருவேளை நான் சொல்லவே இல்லையோ, மனசுக்குள்ள நெனச்சதைச் சொன்னதா நெனச்சுக்கிட்டேனோன்னு ஆறு வருஷமா எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ராத்திரி முழிச்சு அந்த வாக்கியத்தைச் சத்தமா சொல்லிப் பார்ப்பேன், அந்தச் சத்தத்துல கேக்குமான்னு."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி இல்லை என்று இப்போதாவது அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த விஸ்கியைக் குடித்தாள். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எல்ஸ்பெத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதை எடுத்துக்கொண்டு போகாமல் அப்படியே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"கசாப்புக் கடையில சொன்னேன். பாதிரியார்கிட்ட சொன்னேன். பெத்த புள்ளைகிட்ட சொன்னேன்" என்றாள். "என் வாயை வச்சுப் பொய் சொல்ல வச்சுட்டியே."

ஷோனா மெதுவாகக் கையை நீட்டி எல்ஸ்பெத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கடிகாரம் ஒன்பது அடித்தது. விருந்தை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் வட்டமாக நின்று, கைகளைக் குறுக்கே போட்டுப் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து, பழைய சிநேகத்தை மறக்காதே என்கிற கவிஞரின் பாட்டைப் பாடித்தான் பிரிய வேண்டும். சண்டைக்காரனும் சண்டைக்காரனும்கூட அந்த மூன்று நிமிஷம் கை கொடுப்பார்கள், பிறகு வாசலுக்குப் போய்ச் சண்டையைத் தொடர்வார்கள். யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை, மூவரும் எழுந்தார்கள். ஷோனா இரண்டு கையையும் குறுக்காகப் போட்டாள். ஒன்றை எல்ஸ்பெத் பிடித்தாள். இன்னொன்றை ஷோனா கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பிறகு ஃபெர்கஸ் பக்கம் நீட்டினாள். குளிர்ந்த கை. அவர் பிடித்துக்கொண்டார்.

வட்டம் முழுசாக எல்ஸ்பெத்தும் அவரும் கை கோக்க வேண்டும். அவர் தன் இடது கையை அவள் பக்கம் நீட்டினார். எல்ஸ்பெத் பாட ஆரம்பித்தாள். அவள் குரல்தான் மூன்று பேரிலும் சத்தமாக இருந்தது. கண்ணை ஜன்னலின் மேல் வைத்து, தன்னுடைய மற்றொரு கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு, எல்லா அடியையும் பாடினாள். ஃபெர்கஸ் நீட்டிய கையை மடக்காமல், பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றார்.